டிசம்பர் விடுமுறையில் கிராண்ட் கேன்யன் கண்ணாடி நடைபாதை: என் திட்டத்தில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்

#1 பொங்கோல்வாசி

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அமெரிக்கா. ஐந்து பேர்: நாங்கள் இருவர், ஏழு வயது மகன் (உயரம் 1.22 மீட்டர்), அப்பா, அம்மா. எங்கள் மூவருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் (பாஸ்போர்ட்). அப்பா அம்மா நிரந்தரவாசிகள், இந்தியக் கடப்பிதழ்.

கண்ணாடித் தளத்தில் நிற்க வேண்டும், மகனுக்கு அது ஒன்றுதான். இப்போதைய திட்டம்: முதல் நாள் இரவு லாஸ் வேகஸ். மறுநாள் காலை 9 மணிக்கு வாடகைக் காரில் கிளம்பி 11.30க்கு ஸ்கைவாக் (அந்தக் கண்ணாடி நடைபாதை), அங்கே ஒரு மணி நேரம். அப்படியே சவுத் ரிம் (தேசியப் பூங்காவில் உள்ள தெற்கு விளிம்பு) போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இரவு அங்கே. மூன்றாம் நாள் திரும்பி வேகஸ்.

தேசியப் பூங்கா ஆண்டு அட்டை ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் செல்லும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு உயரம் என்றால் ஆகாது. 4,000 அடி என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது, அதை அவரிடம் சொல்லலாமா?

#2 வரைபடப்பித்தன்

ஓட்டை என்று சொல்ல முடியாது. இரண்டு ஊரை ஒரே ஊர் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஸ்கைவாக் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட். அது ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலம், அவர்களே நடத்துகிறார்கள். தேசியப் பூங்காவுக்கும் அதற்கும் நிர்வாகத்தில் எந்தத் தொடர்பும் இல்லை, பூங்கா அட்டை அங்கே செல்லாது. பொது நுழைவு ஒரு கட்டணம், ஸ்கைவாக் அதன் மேல் இன்னொரு கட்டணம். நுழைவை மட்டும் வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடி வாசலில் முழிப்பவர்கள் தினமும் உண்டு.

சவுத் ரிம் அங்கிருந்து சுமார் 385 கிலோமீட்டர், நாலரை மணி நேர ஓட்டம். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போவதை விடத் தூரம். இரண்டும் ஒரே பள்ளத்தாக்கின் விளிம்புதான், நடுவில் குறுக்குச் சாலை கிடையாது. தெற்கே கிங்மன் வரை இறங்கி, கிழக்கே நெடுஞ்சாலையில் போய், மறுபடி வடக்கே ஏற வேண்டும்.

நேரத்தையும் போட்டுப் பாருங்கள். ஸ்கைவாக்கும் சவுத் ரிம்மும் இருப்பது அரிசோனா மாநிலம், டிசம்பரில் அதன் கடிகாரம் வேகஸை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நீங்கள் கிளம்பும் 9 மணி அங்கே 10. போய்ச் சேர 12.30. ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்தாலும் (முடியாது) 1.30க்குக் கிளம்பி, சவுத் ரிம் சேரும்போது மாலை 6. அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறைவது ஐந்தேகால் வாக்கில். முக்கால் மணி நேரம் தாமதமாக, இருட்டில், உறைபனியில் போய் நிற்பீர்கள்.

#3 தேக்காத்தம்பி

காரும் கடிகாரமும் இருக்கட்டும், முதலில் கடப்பிதழ் விஷயத்தைப் பாருங்கண்ணே. டிக்கெட் இன்னும் போடவில்லையே?

உங்கள் மூவருக்கும் விசா வேண்டாம், எஸ்டா (இணையத்தில் வாங்கும் பயண அனுமதி) போதும். பிள்ளைக்கும் தனியாக எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30 முதல் ஆளுக்குச் சுமார் 40 அமெரிக்க வெள்ளி (டாலர்), அதற்கு முன் 21. அரசாங்க இணையத்தளத்தில் மட்டும் கட்டுங்கள். தேடினால் மேலே வரும் இடைத்தரகர் தளங்கள் அதே படிவத்துக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். இரண்டு ஆண்டு செல்லும், ஒரு பயணத்துக்கு 90 நாள் வரை.

அப்பா அம்மாவுக்கு எஸ்டா கிடையாது. நிரந்தரவாசி என்பது இங்கே செல்லுபடி, அமெரிக்கா பார்ப்பது கடப்பிதழை. பி1/பி2 எனும் வருகையாளர் விசா, டிஎஸ்-160 படிவம், 185 அமெரிக்க வெள்ளி, நேப்பியர் சாலை தூதரகத்தில் நேர்காணல். சிங்கப்பூரில் வசிப்பதால் இங்கேயே விண்ணப்பிக்கலாம், ஊருக்குப் போக வேண்டியதில்லை. நேர்காணல் தேதி கையில் வந்து, விசா ஒட்டிக் கடப்பிதழும் திரும்பிய பிறகுதான் டிக்கெட். மாற்றிச் செய்தால் மூன்று டிக்கெட் பறக்கும், இரண்டு டிக்கெட் கைவிட்டுப் போகும்.

#4 வரைபடப்பித்தன்

தம்பி சொன்னதோடு ஒன்று. சவுத் ரிம் போவதாக இருந்தால், 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம். கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவோடு ஆளுக்கு 100 அமெரிக்க வெள்ளி கூடுதல், இல்லையென்றால் வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 வெள்ளி. பழைய வலைப்பதிவில் உள்ள 80 வெள்ளி அட்டைக் கணக்கை நம்பாதீர்கள். ஹுவாலப்பாய் நிலத்துக்கு இந்தக் கூடுதல் பொருந்தாது.

#5 இரட்டைக்கடிகாரம்

அந்த ஒரு மணி நேரத்தை விளக்கிவிடுகிறேன், எல்லோரும் விழும் குழி அது. அரிசோனா கோடைகால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, வேகஸ் இருக்கும் நெவாடா பின்பற்றுகிறது. அதனால் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரண்டும் ஒரே நேரம், மற்ற மாதங்களில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னே. ஜூன் விடுமுறையில் போனவர் “அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே” என்பார், அவர் சொல்வதும் சரிதான்.

வழியில் இரண்டு மாநில எல்லையில் உள்ள ஹூவர் அணையில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். நீர் உள்வாங்கும் கோபுரங்களில் இந்தப் பக்கம் நெவாடா நேரம், அந்தப் பக்கம் அரிசோனா நேரம் என்று பெரிய கடிகாரங்கள் வைத்திருக்கிறார்கள்.

கைப்பேசி எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். எல்லையோரம் அது முன்னும் பின்னும் தாவும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஒரு கைக்கடிகாரத்தை அரிசோனாவுக்குத் திருப்பிக்கொள்வது நல்லது.

#6 இடதுகைஓட்டுநர்

வேகஸிலிருந்து சாலை விவரம். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர், நம் தீவின் கிழக்கே சாங்கியிலிருந்து மேற்கே துவாஸ் வரை நான்கு தடவை ஓட்டினால் எவ்வளவோ அவ்வளவு. ஐ-11 நெடுஞ்சாலை வழியாகப் போல்டர் சிட்டியைத் தாண்டி, 2010இல் திறந்த அணைப் பாலத்தைக் கடந்தால் அரிசோனா. அங்கிருந்து யுஎஸ் 93இல் தெற்கே 64 கிலோமீட்டர். டோலன் ஸ்பிரிங்ஸ் என்று பலகை வரும் இடத்தில் இடது பக்கம் பியர்ஸ் ஃபெரி சாலை. அதில் 45 கிலோமீட்டர் போய் வலப்பக்கம் டயமண்ட் பார் சாலை, இன்னும் 34. கடைசியில் பார்வையாளர் முனையம். கார் அங்கேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் அவர்களுடைய பேருந்துதான்.

டயமண்ட் பார் சாலையில் ஒரு பகுதி 2014 வரை மண்ணும் கல்லும். “நான்கு சக்கர இயக்கக் கார் இல்லாமல் போகாதீர்கள்” என்று எழுதியிருப்பதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது முழுக்கத் தார்ச்சாலை, சாதாரண செடான் போதும்.

மண்சாலை இன்னும் இருக்கும் இடம் வேறு. சவுத் ரிம் பக்கத்திலிருந்து வருபவர்களை வழிகாட்டிச் செயலி பீச் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு இழுத்து, அங்கிருந்து பக் அண்ட் டோ சாலையில் விட்டுவிடும். வரைபடத்தில் குறுக்குவழி மாதிரி தெரியும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பள்ளம், வாடகை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் தார் போடாத சாலைக்கு அனுமதியும் இருக்காது. பீச் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரின் தலைநகர், ஸ்கைவாக் அங்கே இல்லை.

பெட்ரோலைப் போல்டர் சிட்டியிலேயே நிரப்பிவிடுங்கள். பம்பில் அட்டையைச் செருகினால் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்கும், நம்முடையது ஆறு இலக்கம், இயந்திரம் ஏற்காது. உள்ளே காசாளரிடம் பம்ப் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டினால் முடிந்தது, மிச்சம் திரும்ப வரும். ஆக்டேன் எண் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அங்கே அளக்கும் முறை வேறு, அது ஏறக்குறைய நம் ஊர் 92. டீசல் கைப்பிடி பெரும்பாலும் பச்சையாக இருக்கும், தொடாதீர்கள்.

பியர்ஸ் ஃபெரிக்குப் பிறகு கைப்பேசி அலை விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடு சாலையில் நிற்கும், கறுப்பு மாடு இருட்டில் தெரியாது. அதனால்தான் திரும்புவதைப் பகல் வெளிச்சத்துக்குள் வைக்கச் சொல்கிறேன். அங்கே மாலை 3.30க்குக் கிளம்பினால் யுஎஸ் 93க்கு வரும்வரை வெளிச்சம் இருக்கும்.

இன்னொன்று. இரவு இறங்கி மறுநாள் காலையே ஓட்டுவது தவறு. வேகஸுக்கும் நமக்கும் டிசம்பரில் 16 மணி நேர வித்தியாசம், போதாக்குறைக்கு வலப்பக்க ஓட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் வரை நேரடி விமானம் உண்டு, வேகஸுக்கு இல்லை, இறங்கிப் பெட்டியை எடுத்துக் குடிநுழைவு முடித்து மறுபடி ஏற வேண்டும். நடுவில் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். நேர்ச்சாலையில் பிரச்சினை வராது. ஆளில்லாத சந்திப்பில் இடது பக்கம் திரும்பியதும் கை தானாக இடது தடத்துக்குப் போகும், மோதல் நடப்பது அங்கேதான். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது, வலது” என்று சொல்லிக்கொண்டே வரட்டும். அசட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

#7 ஐந்தடுக்கு

4,000 அடிக்கு வருகிறேன். அந்த எண் விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுமட்டம் வரை தோராயமாகச் சொல்வது. நீங்கள் நிற்கும் கண்ணாடிக்கு நேர் கீழே இருப்பது ஆறு இல்லை. நடைபாதை ஒரு பக்கப் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது, நேர் கீழே பாறைச் சரிவு வரை 150 முதல் 240 மீட்டர். ஆறு தூரத்தில் ஒரு பழுப்புக் கயிறு மாதிரித் தெரியும். அம்மாவிடம் சொல்வதென்றால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்: மரினா பே சாண்ட்ஸ் கூரைத் தோட்டம் தரையிலிருந்து 200 மீட்டர், அதே அளவுதான்.

கட்டுமானம்: குதிரை லாட வடிவம், விளிம்பிலிருந்து 21 மீட்டர் வெளியே. பொதுமக்களுக்குத் திறந்தது 2007 மார்ச் 28. தளக் கண்ணாடி ஐந்து அடுக்கு, மொத்தம் சுமார் 6.4 சென்டிமீட்டர். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் கெட்டியான ஒட்டுப்படலம். ஓர் அடுக்கு உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டியபடி இருக்கும், பாரத்தை மற்ற அடுக்குகள் தாங்கும். இரும்புச் சத்துக் குறைந்த கண்ணாடி என்பதால் சாதாரணத் தடித்த கண்ணாடியின் பச்சை இல்லாமல் தெளிவாகத் தெரியும், பயத்துக்குப் பாதிக் காரணம் அந்தத் தெளிவுதான். ஒரே நேரத்தில் ஏற்றுவது 120 பேருக்கு மேல் இல்லை, வடிவமைப்பு தாங்குவது அதைப் போலப் பல மடங்கு.

நடக்கும்போது லேசாக அதிர்வது தெரியும். நாம் நடக்கும்போது வினாடிக்குச் சுமார் இரண்டு முறை கால் வைக்கிறோம், அந்தத் தாளத்தில் நீண்ட உத்தரம் ஆடப் பார்க்கும். அதைத் தணிக்க உத்தரத்துக்குள் எடைத் தணிப்பான்கள் வைத்திருக்கிறார்கள். துளி ஆட்டம் இருந்தால் அவை வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

காலணி மேல் துணியுறை மாட்டச் சொல்வது சுத்தத்துக்காக இல்லை. அடியில் ஒட்டிய ஒரு மணல் துகள் கண்ணாடியில் கீறல் போடும், நூறு பேர் நடந்தால் நூறு கீறல். கைப்பேசி, கேமராவை நீண்ட காலம் தடுத்து வைத்ததும் அதே காரணம், கைதவறி விழுந்தால் மேலடுக்கில் வடு. இந்த விதியை அவ்வப்போது திருத்துகிறார்கள், டிக்கெட் வாங்கும் நாளில் படித்துவிடுங்கள். படம் வேண்டும் என்றால் அவர்களுடைய புகைப்படக்காரருக்குத் தனிக் காசு எடுத்து வையுங்கள். எல்லோரும் முணுமுணுக்கும் செலவு அது.

கூச்சத்தைக் குறைக்கும் ‘போலரைஸ்ட்’ குளிர்க்கண்ணாடி போட்டிருந்தால் பதப்படுத்திய கண்ணாடியில் கறுப்புத் திட்டுகள் வரிசையாகத் தெரியலாம். விரிசல் இல்லை, சூடாக்கிக் குளிர்வித்த தடம். கழற்றினால் மறையும்.

#8 பொங்கோல்வாசி

எல்லோருக்கும் நன்றி. சவுத் ரிம் நீக்கம். அம்மா சேலைதான் கட்டுவார், அதோடு போகலாமா? பயத்துக்கு என்ன செய்வது? காற்று என்றால் மூடுவார்களாமே, எவ்வளவு காற்று?

#9 மென்னடை

சேலை பிரச்சினையில்லை, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். துணியுறை தளர்வானது, சேலைக்கரை அதற்கடியில் மாட்டினால் அடுத்த அடியில் தடுக்கும். செருப்பு வேண்டாம், உறை செருப்பில் நிற்காது, கயிறு கட்டிய காலணி. அந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல் 1,450 மீட்டர், டிசம்பர் காலையில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர். சேலைக்கு அடியில் வெப்ப உள்ளாடையும் மேலே காற்றுத்தடுப்புச் சட்டையும் அவசியம்.

பயம் மனசில் மட்டும் இல்லை. நிற்கும்போது உடம்பு எப்போதும் கொஞ்சம் அசையும், பக்கத்தில் உள்ள பொருளைக் கண் பார்த்து அதைச் சரிசெய்யும். சுற்றிலும் பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் திருத்தம் தப்பும், கால் நடுங்கும். ஆகவே கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, முதலில் கையைப் பார்க்க வேண்டும், பிறகு எதிர் விளிம்பு, கடைசியில் கீழே. பாதையின் இரண்டு ஓரமும் எஃகு உத்தரத்தின் மேல் போகிறது, அங்கே கீழே ஊடுருவித் தெரியாது. கைப்பிடியை ஒட்டி நடந்தால் முழுச் சுற்றையும் ஊடுருவித் தெரியும் கண்ணாடியில் கால் வைக்காமலே முடிக்கலாம். நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருபவர்கள் நெருக்குவார்கள், அதுதான் பயத்தைக் கூட்டும்.

கிளம்புவதற்கு முன் ஜுவல் சாங்கியில் கேனப்பி பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். கண்ணாடித் தளம், 50 மீட்டர் நீளம், தரையிலிருந்து 23 மீட்டர். அங்கே பாதியில் திரும்பினால் நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கிக்கொடுத்து, அம்மா வெளியே நின்று பார்க்கட்டும்.

#10 ஐந்தடுக்கு

காற்றுக்கு: வேக எண்ணைத் தேட வேண்டாம், முடிவு அன்று அங்கே இருக்கும் ஊழியர் கையில். ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 மே மாதம் சீனாவின் ஜீலினில், லோங்ஜிங் அருகே ஒரு தொங்கு பாலத்தில் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை வீசிய காற்று தளக் கண்ணாடிகளைச் சட்டத்திலிருந்து பெயர்த்துவிட்டது. ஒருவர் நடுவில் கைப்பிடியைப் பிடித்தபடி மாட்டிக்கொண்டார், பிறகு பத்திரமாகக் கரை சேர்ந்தார். கண்ணாடி எடையால் உடையவில்லை, காற்றுதான் பெயர்த்தது. ஸ்கைவாக் வேறு வகை, பாறைக்குள் நங்கூரமிட்ட எஃகுப் பெட்டி. அப்படியிருந்தும் காற்றில் மனிதர்கள் தடுமாறுவார்கள். பயணத்தில் ஒரு மாற்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

#11 பாதிவழி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகனுக்குக் கண்ணாடி மட்டும்தான் வேண்டும் என்றால் இவ்வளவு தூரம் எதற்கு? சீனாவில் சாங்ஜியாஜியே கிராண்ட் கேன்யன் கண்ணாடிப் பாலம், 430 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், பள்ளத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர். சாங்ஷாவிலிருந்து அதிவேக ரயில். சிங்கப்பூரர்களுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் விசா இல்லை.

#12 தேக்காத்தம்பி

அண்ணே, அப்பா அம்மா இந்தியக் கடப்பிதழ். அவங்களுக்குச் சீன விசா வேணும்.

#13 வரைபடப்பித்தன்

சீனா போவதானாலும் அதே குழப்பம் காத்திருக்கிறது. சாங்ஜியாஜியே என்ற பெயரில் மூன்று தனி இடங்கள், மூன்று தனிச் சீட்டு: தூண் பாறைகள் உள்ள தேசிய வனப்பூங்கா, தியான்மென் மலை (அங்கே குன்றோரக் கண்ணாடி நடைபாதை), இந்தப் பாலம் இருக்கும் கிராண்ட் கேன்யன். தவறான சீட்டு வாங்கினால் மலையேறிவிட்டுப் பாலம் எங்கே என்று தேட வேண்டியதுதான். கூட்டமும் கணக்கில் வேண்டும். 2016 ஆகஸ்ட் 20 திறந்த பாலத்தைச் செப்டம்பர் 2இல் மூடினார்கள். நாளுக்கு 8,000 பேர் என்று போட்ட கணக்கை வந்த கூட்டம் உடைத்துவிட்டது. மாதக் கடைசியில்தான் மறுபடி திறந்தது.

விடுப்பே இல்லாதவர்களுக்குப் பினாங்கு கொம்தார் 68ஆம் மாடிக் கண்ணாடித் தளம் போதும். பள்ளத்தாக்கு இருக்காது, ஊர்தான் தெரியும்.

#14 மென்னடை

வெஸ்ட்டுக்கே போகிறீர்கள் என்றால் கண்ணாடிக்கு அரைமணி போதும், மிச்ச நேரத்தைக் குவானோ பாயிண்டுக்குக் கொடுங்கள். பேருந்தின் அடுத்த நிறுத்தம். வேலியே இல்லாத விளிம்பு, மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு, ஆறு நன்றாகத் தெரியும். வௌவால் எச்சத்தை உரத்துக்காகத் தோண்டிய காலத்துக் கம்பிவடத் தொட்டியின் இரும்புக் கூடு இன்னும் நிற்கிறது. ஸ்கைவாக்கை விட இதுதான் பள்ளத்தாக்கு என்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கையை விடக் கூடாத இடமும் இதுதான். மேலே ஏறும் கல்மேட்டில் உங்கள் அப்பா அம்மா வேண்டாம், கீழே சமதளத்தில் உட்கார்ந்தாலே காட்சி முழுதும் கிடைக்கும்.

#15 ஐந்தடுக்கு

சண்டைக்கு வந்தாயிற்று. குவானோ மாதிரி விளிம்பு பூமியில் ஆயிரம் இருக்கும். காலுக்கடியில் 200 மீட்டர் வெறுமை, நடுவில் ஆறரை சென்டிமீட்டர் கண்ணாடி, அது இங்கேதான். நண்பகலை ஒட்டிப் போங்கள், பள்ளத்தின் அடிவரை வெயில் இறங்கும் நேரம்.

#16 பொங்கோல்வாசி

திருத்திய திட்டம். முதல் நாள் இரவு வேகஸ், இரண்டாம் நாள் ஓய்வு, மூன்றாம் நாள் வெஸ்ட், நான்காம் நாள் காற்று வந்தால் மாற்று, இல்லையென்றால் அணை. மூன்றாம் நாள் வேகஸ் நேரம் 6.30க்குக் கிளம்பி, அரிசோனா நேரம் 10 மணிக்கு முனையம். முதலில் குவானோ, நண்பகலில் ஸ்கைவாக், 3.30க்குக் காரில். விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். சரிதானே?

#17 இடதுகைஓட்டுநர்

நேரம் சரி. ஒன்று விட்டுப்போயிற்று: பிள்ளையின் இருக்கை. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரம்தான் அளவு, அதற்குக் கீழ் கட்டாயம். நெவாடாவில் ஆறு வயது தாண்டியதால் சட்டப்படி வேண்டாம். பாலத்தைக் கடந்ததும் அரிசோனா, அங்கே எட்டு வயதுக்குக் கீழ், 145 சென்டிமீட்டர் வரை கட்டாயம். உங்கள் மகன் 7 வயது, 122 சென்டிமீட்டர். வாடகைக் கடையில் நாள் கணக்கில் காசு பிடுங்குவார்கள். ஓய்வு நாளில் வேகஸில் ஏதாவது பெரிய கடையில் முதுகுப்பலகை இல்லாத பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) ஒன்று வாங்கி, கிளம்பும்போதே பின்னிருக்கையில் மாட்டிவிடுங்கள்.